சர்வர் எழுதும் பக்கத்தைப் படிப்பது யார்?

ஒரு நூலகத்தின் வலைத்தளத்தில் எழுத்தாளர் பெயரைத் தட்டித் தேடுகிறீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் புத்தகப் பட்டியல் திரைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது உருவானது. எங்கோ இருக்கும் சர்வரில் ஒரு நிரல் தரவுத்தளத்தைத் துழாவி, கிடைத்த தலைப்புகளையும் ஆண்டுகளையும் எச்டிஎம்எல் குறிச்சொற்களுக்கு நடுவே செருகி, ஒரே நீண்ட எழுத்துத் தொடராக அனுப்பியது. உங்கள் பிரவுசர் அதைப் படித்து, எழுத்தும் கட்டமும் வண்ணமுமாக வரைந்தது.

கணினியில் பக்கத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி, மூலத்தைக் காட்டும் கட்டளையைத் தேர்ந்தால் அந்த எழுத்துத் தொடரை அப்படியே பார்க்கலாம். சில தளங்களில் தலைப்பு இது, பட்டியல் இது, அடிக்குறிப்பு இது என்று உடனே பிடிபடும். பல தளங்களில் இருபது முப்பது வெற்று வரிகளுக்குப் பிறகே பக்கம் தொடங்கும். ஒரு வரி வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். எதை மூடுகிறோம் என்றே தெரியாமல் மூடும் குறிச்சொற்கள் வரிசையாகக் கொட்டிக் கிடக்கும். திரையில் இரண்டுமே ஒரே மாதிரி தெரியலாம். ஆகவே, பிரவுசருக்குப் புரிந்தால் போதாதா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போதாது என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைப் பலர் வரிகளின் ஒழுங்கில் தேடுகிறார்கள். நான் அதை வேறோர் இடத்தில் காண்கிறேன்.

வலை தொடங்கிய நாட்களில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிஎம்எல், கையாலேயே எழுதிவிடக்கூடிய அளவுக்கு எளியது. தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று, இன்னொரு பக்கத்துக்கு வழிகாட்ட ஒன்று. செர்ன் 1993 ஏப்ரல் 30 அன்று வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு வந்த மொசைக் பிரவுசரில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் வசதி இருந்தது. ஒரு தலைமுறையே அப்படித்தான் வலைப்பக்கம் எழுதப் பழகியது. பிடித்த பக்கத்தின் மூலத்தைத் திற, நகலெடு, ஒரு சொல்லை மாற்றிப் பார், என்ன ஆகிறதென்று கவனி. அந்தக் கல்விக்கு ஆசிரியராக இருந்தவை, மனிதர் மனிதருக்காக எழுதிய பக்கங்கள்.

மொசைக்கைத் தந்த அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ மையத்திலேயே, அதே 1993இல், சிஜிஐ என்ற இணைப்பு முறையும் உருவானது. இனி சர்வர், சேமித்து வைத்த கோப்பை எடுத்துத் தருவதோடு நிற்க வேண்டியதில்லை. ஒரு நிரலை இயக்கி, அது அச்சிடுவதையே பக்கமாக அனுப்பலாம். அந்த நிரல்களைப் பெரும்பாலும் பெர்ல் மொழியில் எழுதினார்கள். குறிச்சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து அச்சிடு, மாறியின் மதிப்பை அச்சிடு, மூடும் குறிச்சொல்லை அச்சிடு என்று வரிக்கு வரி கட்டளைகள். எச்டிஎம்எல்லுக்கும் மேற்கோள் குறிகள் வேண்டும், பெர்லுக்கும் வேண்டும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கப் பின்சாய்வுக் கோடுகள் மண்டின. வரியை முறிக்க வேண்டுமானால் அதற்கான குறியையும் நிரலாளரே மறக்காமல் சேர்க்க வேண்டும். மறந்தால் முழுப் பக்கமும் ஒரே வரியாகப் போய்விடும். பிரவுசர் குறை சொல்லாது. அதனால் நிரலாளருக்கும் தெரியாது.

இதை ஒழுங்குபடுத்த முனைந்தவர்களில் ஒருவர், மரபணு ஆய்வுக்கான மென்பொருட்களை எழுதிய அறிவியலாளர் லிங்கன் ஸ்டைன். அவருடைய சிஜிஐ.பிஎம் என்ற பெர்ல் தொகுப்பில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு செயற்கூறு இருந்தது. அதை அழைத்தால் திறக்கும் குறியும் மூடும் குறியும் தாமாகவே சரியாக வந்துவிடும். அதன் கிளையாக, வெளியீட்டை வரி முறித்து, உள்தள்ளி அச்சிடுவதற்கென்றே தனித் தொகுப்பும் சேர்ந்தது. படிக்கத்தக்க எச்டிஎம்எல் வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது.

1995 ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி, இந்த உறவைத் தலைகீழாக்கிப் பார்த்தது. பெர்லில் நிரலுக்குள் துண்டு துண்டாக எச்டிஎம்எல் கிடந்தது. பிஎச்பியில் எச்டிஎம்எல் பக்கமே கோப்பாக இருக்க, தேவையான இடங்களில் மட்டும் நிரல் செருகப்பட்டது. ஏஎஸ்பி, ஜேஎஸ்பி, ரூபியின் இஆர்பி, பைத்தானின் ஜின்ஜா, ஜாங்கோ எல்லாமே இந்த டெம்ப்ளேட் வழியில் வந்தவைதாம். பக்கத்தின் வடிவம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது என்பதால் வடிவமைப்பாளர்களும் கை வைக்க முடிந்தது. வலையில் பெரும்பகுதி இன்றும் இந்த வழியில்தான் ஓடுகிறது.

ஆனால் இங்கே ஒரு புதிய சிக்கல் பிறந்தது. அதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம்.

நமது நூலகப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட்டில் பட்டியலுக்கான குறிச்சொல்லைத் திறக்கிறோம். அதற்குள் 'ஒவ்வொரு புத்தகத்துக்கும்' என்ற சுழற்சி. அதற்குள் ஓர் உருப்படி. உருப்படிக்குள் 'புத்தகம் இரவல் போயிருந்தால்' என்ற நிபந்தனை. அதற்குள் திரும்பி வரும் தேதி. நிரலாளர் தன் வசதிக்காக ஒவ்வொரு மட்டத்தையும் நான்கு இடைவெளி உள்தள்ளி எழுதுகிறார். கோப்பு அழகாக இருக்கிறது. சர்வர் அதை இயக்கும்போது சுழற்சியும் நிபந்தனையும் மறைந்துவிடுகின்றன. அவை இருந்த வரிகள் மட்டும் வெற்று வரிகளாக எஞ்சுகின்றன. உருப்படி பட்டியலுக்கு ஒரு மட்டம் உள்ளே இருக்க வேண்டியது, சுழற்சிக்கும் சேர்த்து இரண்டு மட்டம் தள்ளிப் போகிறது. தேதியோ இன்னும் தள்ளி எங்கேயோ நிற்கிறது. ஒரே கோப்பில் இரண்டு ஆவணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆழம், தனி உள்தள்ளல். ஒன்றை நேராக்கினால் மற்றொன்று கோணும். இது எவருடைய அலட்சியத்தாலும் வருவதில்லை, டெம்ப்ளேட் என்ற அமைப்பிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு கருவியும் இதற்குத் தனக்குத் தோன்றிய வைத்தியத்தைச் செய்தது. பிஎச்பி, தன் மூடும் குறிக்கு அடுத்து உடனே வரும் ஒரு வரி முறிவை விழுங்கிவிடும். சுழற்சி வரிகளுக்கு இது நல்லது. ஆனால் ஒரு வரியின் கடைசியில் மாறியின் மதிப்பை அச்சிட்டால், அங்கேயும் வரி முறிவு விழுங்கப்பட்டு அடுத்த வரி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஜேஎஸ்பியில் ஒவ்வொரு கட்டளை வரியும் ஒரு வெற்று வரியை விட்டுச் சென்றது. முதலில் நான் சொன்ன வெற்று வரிகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். பிறகு ஜேஎஸ்பி 2.1இல் அவற்றை வெட்டியெறிய ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். ஜின்ஜாவிலும் இஆர்பியிலும் கட்டளைக் குறியோடு ஒரு கழித்தல் குறியைச் சேர்த்தால் பக்கத்திலுள்ள வெற்றிடம் நீங்கும். நீங்கும்தான், ஆனால் டெம்ப்ளேட் முழுவதும் கழித்தல் குறிகள் முளைத்து, வெளியீட்டைப் படிக்கத்தக்கதாக்கும் முயற்சியில் டெம்ப்ளேட்டே படிக்க முடியாததாகிவிடுகிறது. தினமும் திறந்து திருத்தப்படுவது டெம்ப்ளேட். எப்போதாவது பார்க்கப்படுவது வெளியீடு. இந்தப் பேரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

வெற்று வரி வெறும் அழகுக் குறை என்றும் சொல்லிவிட முடியாது. எச்டிஎம்எல் பொறுத்துக்கொள்ளும், எக்ஸ்எம்எல் பொறுக்காது. எக்ஸ்எம்எல் ஆவணத்தின் அறிவிப்பு வரி இருந்தால், அது கோப்பின் முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். பிஎச்பியில் எங்கோ ஒரு துணைக் கோப்பின் கடைசியில், மூடும் குறிக்குப் பிறகு, யாரோ கூடுதலாக ஒரு வெற்று வரி விட்டிருப்பார்கள். அது வெளியீட்டின் தலையில் போய் உட்கார்ந்து, எக்ஸ்எம்எல்லில் அமைந்த, தளத்தின் செய்தியோடையை மொத்தமாக உடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்பதால் தேடுபவர் அலைந்து போவார். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்புகளில் மூடும் குறியையே போடக்கூடாது என்ற விதியை அந்த மொழியின் பொது எழுத்துமுறை நெறிகள் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு உள்தள்ளல்களையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன என்று துணிந்து கேட்டவர் ஹாம்ப்டன் கேட்லின். 2006இல் அவர் உருவாக்கிய ஹாம்ல் மொழியில் மூடும் குறிச்சொல்லே கிடையாது. உள்தள்ளலே அமைப்பு. எது எதற்குள் இருக்கிறது என்பதை வரியின் தொடக்க இடைவெளியே சொல்கிறது. அதனால் வெளியீட்டையும் அதே ஒழுங்கில் உள்தள்ளித் தர முடிந்தது. வரிகள் நேராக இருக்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே ஹாம்ல் அறிவித்திருந்தது. சர்வர் எழுதிய பக்கம், பொறுமையுள்ள மனிதர் கையால் எழுதியது போல இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. இதன் தோல்வியிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

முதல் இடி, எழுத்துப் பெட்டி. பயனர் தட்டச்சு செய்வதற்கான பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வோர் இடைவெளியும் உள்ளடக்கம். ஒருவர் கவிதை ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறார். அதைத் திருத்தத் திறக்கிறார். சர்வர் பக்கத்தை அழகாக உள்தள்ளும்போது கவிதையின் வரிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. அவர் ஒரு சொல்லை மாற்றிச் சேமிக்கிறார். இடைவெளிகளும் சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. ஹாம்ல் இதற்காகத் தனிக் காப்பு ஏற்பாடுகளை வைக்க நேர்ந்தது. இரண்டாவது, வேகம். தரவுத்தளத்திலிருந்து வரும் மதிப்புக்குள் வரி முறிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, இருந்தால் சரியான ஆழத்துக்குத் தள்ள வேண்டும். பக்கம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் இந்த வேலை. 2017இல் வந்த ஹாம்ல் 5, அழகுபடுத்தி அச்சிடும் முறையையே கைவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் பக் டெம்ப்ளேட் மொழியும் இதே போன்ற தன் வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது.

இவர்கள் கைவிட்டதற்கு வலுவான காரணம் இன்னொன்றும் உண்டு. தமிழில் எழுதுபவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தைக்கும். எச்டிஎம்எல்லில் இடைவெளியும் வரி முறிவும் எத்தனை வந்தாலும் வழக்கமாக ஒரே இடைவெளியாகச் சுருங்கும். ஆனால் ஒன்றுமே இல்லாமல் போகாது. வரிக்குள் வரும் குறிச்சொற்களுக்கு நடுவே ஒரு வரி முறிவு புகுந்தால் திரையில் ஓர் இடைவெளி முளைக்கும். 'மதுரையில்' என்ற சொல்லில் 'மதுரை'க்கு மட்டும் இணைப்புக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மூடும் குறிச்சொல்லை ஒட்டியே 'யில்' வர வேண்டும். அழகுபடுத்தும் கருவி ஒவ்வொரு குறிச்சொல்லையும் தனி வரியில் வைத்தால் வாசகர் காண்பது 'மதுரை யில்'. ஆங்கிலத்தில் வேற்றுமையைக் காட்டும் சொல் தனித்து நிற்பதால் இந்த விபத்து எப்போதாவதுதான் நேரும். உருபுகள் சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழில் வரிக்கு வரி நேரலாம். தமிழ்த் தளங்களில் பெயருக்கும் உருபுக்கும் நடுவே காரணமில்லாத பிளவுகளைப் பார்த்தால், எழுதியவரைக் குறை சொல்லும் முன் மூலத்தைத் திறந்து பாருங்கள்.

ஆக, உள்தள்ளல் என்பது ஆவணத்தின் பொருளோடு உரசக்கூடிய விஷயம். சரி, அதன் விலை என்ன? வெற்றிடங்கள் பக்கத்தைக் கனமாக்குகின்றன, ஆகவே எல்லாவற்றையும் நசுக்கி ஒரே வரியாக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதம் அவ்வளவு வலுவானதில்லை. இன்றைய சர்வர்கள் பக்கத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. அப்படிச் சுருக்கும் ஜிசிப் முறையின் அடியில் இருப்பது, ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் சிவும் 1977இல் வெளியிட்ட கருத்து: முன்பே வந்த எழுத்துத் தொடர் மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை எழுத்து பின்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று மட்டும் குறித்தால் போதும். ஜிசிப் 32 கிலோபைட் தூரம் வரை பின்னோக்கிப் பார்க்கும். ஒரு குறிப்பில் 258 பைட் வரை எடுக்கும். பன்னிரண்டு இடைவெளிகள் நூறு வரிகளில் திரும்பத் திரும்ப வந்தால் அவை ஏறக்குறைய கரைந்தே போகின்றன. எனவே படிக்க உதவும் வரி முறிவுகளை அழிப்பதில் பெரிய லாபம் இல்லை. அவற்றை எல்லா இடத்திலும் மிகச் சரியாக வைக்கப் போராடுவதிலும் லாபம் இல்லை.

அப்படியானால் தூய்மை எங்கே இருக்கிறது? நிரல் தன் மனத்தில் பக்கத்தை எதுவாக வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது என்பேன். பக்கம் ஓர் எழுத்துத் தொடர் என்று நினைக்கும் நிரல் ஒரு வகை. பக்கம் ஒரு மரம், கிளைக்குள் கிளையாக அமைந்த ஒன்று என்று அறிந்த நிரல் இன்னொரு வகை. பிரவுசருக்கு எச்டிஎம்எல் எப்போதும் மரம்தான். அடுக்குச் சம்படங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும்; கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். எழுத்துத் தொடராகக் கருதும் நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியாது. அது அச்சிட்டுக்கொண்டே போகும்.

விளைவுகளைப் பாருங்கள். முகப்புப் பக்கத்துக்காக ஒரு கட்டுரையின் முதல் முந்நூறு எழுத்துகளை வெட்டி எடுக்கிறது சர்வர். வெட்டு விழுந்த இடத்தில் தடித்த எழுத்துக்கான குறிச்சொல் திறந்தபடி இருக்கிறது. அதன் மூடும் குறி வெட்டுக்கு அப்பால் போய்விட்டது. பக்கத்தின் மீதியெல்லாம் தடித்த எழுத்தாகிறது. தமிழாக இருந்தால் இன்னொரு கோளாறும் சேரும்: 'கோ' என்ற எழுத்துக்குக் கணினியில் மெய்யின் உருவும் உயிர்க்குறியும் தனித்தனி எண்கள், நடுவில் வெட்டினால் 'க' மட்டும் மிஞ்சி வேறு சொல்லாகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே உடைந்து கேள்விக்குறிப் பெட்டியாகும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் அப்படி உடைவதற்கு வாய்ப்பும் அதிகம்.

இன்னொன்று, அட்டவணை. வரிசைகளை அச்சிடும் சுழற்சியின் நடுவே சர்வர் ஒரு பிழைச் செய்தியைக் கக்குகிறது. செய்தி எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லாமல், அட்டவணைக்குள் அந்தரத்தில் நிற்கிறது. எச்டிஎம்எல்லின் விதிகள் இப்படி நிற்கும் எழுத்தை எடுத்து அட்டவணைக்கு முன்னால் வைக்கச் சொல்கின்றன. இதற்கு வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைத்தல் என்றே விதிநூலில் பெயர். நாற்பதாவது வரிசையில் நடந்த பிழை, திரையில் அட்டவணையின் தலைக்கு மேலே தோன்றும். பிரவுசர்களின் இந்தக் கருணை, தவறான எச்டிஎம்எல்லை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும்படி செய்துவிடுகிறது. வாசகருக்கு அது நல்லது. ஆனால் நிரலாளர் பிரவுசரின் ஆய்வுக் கருவியில் பார்ப்பது திருத்தப்பட்ட மரத்தை. சர்வர் உண்மையில் அனுப்பியதைக் காண மூலத்தைத்தான் திறக்க வேண்டும். கோளாறு நேர்ந்த இரவில் அந்த மூலம் படிக்கத்தக்கதாக இருப்பதன் அருமை தெரியும்.

மரமாகக் கட்டும் நிரலில் இந்தப் பிழைகள் பலவற்றுக்கு வழியே இல்லை. உருப்படியைச் செய், பட்டியலில் சேர், பட்டியலைப் பகுதியில் சேர். எல்லாம் முடிந்த பிறகு ஒரே இடத்தில், ஒரே முறையில், மரத்தை எழுத்தாக்கு. மூடும் குறிச்சொல்லை மனிதர் எழுதுவதே இல்லை. ஃபேஸ்புக் 2010இல் வெளியிட்ட எக்ஸ்எச்பி, பிஎச்பிக்குள்ளேயே குறிச்சொற்களை மரத்தின் கணுக்களாக எழுத வழி செய்தது. 2013இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த ரியாக்ட் கருவியின் ஜேஎஸ்எக்ஸ் அதே சிந்தனையின் தொடர்ச்சி. ரியாக்ட் சர்வரில் எழுதும் பக்கத்தில் வரி முறிவே இருப்பதில்லை, ஒரே வரி. இருந்தாலும் அதன் அமைப்பு பிசகுவதில்லை. அங்கே இடைவெளி தானாக முளைக்காது; வேண்டிய இடத்தில் நிரலாளர் வைத்தால்தான் உண்டு. நம் 'மதுரையில்' அங்கே பிளவுபடாமல் வரும்.

மரத்தின் பெரிய நன்மை பாதுகாப்பு. பயனர் தந்த பெயரில் ஒரு கோணக்குறி இருந்தால், எழுத்துத் தொடர் வழியில் அது குறிச்சொல்லாகவே மாறிவிடும்; அதன் வழியே மற்றவர் கணினியில் ஓடும் நிரலையே செருகலாம். 2005 அக்டோபரில் சாமி காம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் பக்கத்துக்குள் இப்படி ஒரு நிரலை ஒளித்து வைத்தார். பார்த்தவர் பக்கங்களிலெல்லாம் அது தன்னை நகலெடுத்துக்கொண்டு, ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொட்டது. மரம் கட்டும் நிரல், இது குறிச்சொல், இது வெறும் எழுத்து என்ற வேறுபாட்டைக் கடைசிவரை மறப்பதில்லை. எழுத்தாக்கும்போது ஆபத்தான குறிகளைத் தானே மாற்றி எழுதும். டெம்ப்ளேட் உலகமும் பாடம் கற்றது. ஜாங்கோ 2008இல் வந்த தன் 1.0 பதிப்பிலும், ரூபியின் ரெயில்ஸ் 2010இல் தன் மூன்றாம் பதிப்பிலும், மாற்றி எழுதுவதையே இயல்பாக்கின.

மாற்றி எழுதுவதை இரண்டு முறை செய்தாலும் கேடுதான். தமிழர் பலர் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தில் இயங்கும் பக்கத்தின் படிவத்தில் 'தமிழ்' என்று தட்டினால், அந்தக் குறியாக்கத்தில் இடமில்லாத எழுத்துகளைப் பிரவுசர் எண்களாக மாற்றி அனுப்பும்: தமிழ் என்று. சர்வர் அதை அப்படியே சேமித்து, காட்டும்போது ஒவ்வொரு & குறியையும் பாதுகாப்புக்காக மறுபடி மாற்றினால், வாசகர் திரையில் எழுத்துக்குப் பதில் இந்த எண்களே வரும். மாற்றாமல் விட்டால் திரையில் சரியாகத் தெரியும். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் போதுமான சொல் 35 பைட் பிடிக்கும். மூலத்தைத் திறந்தால் தமிழே இருக்காது, எண்களின் காடு. அந்தக் கோப்பில் 'தமிழ்' என்று தேடினால் கிடைக்காது. தமிழ்ப் பக்கத்தின் மூலம் தமிழாகவே இருக்க வேண்டும். படிக்கத்தக்க எச்டிஎம்எல்லுக்கு நான் வைக்கும் முதல் சோதனை அதுதான்.

அடுத்தது பெயர்கள். மைக்ரோசாஃப்ட் 2002இல் வெளியிட்ட ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ், எச்டிஎம்எல்லையே நிரலாளர் கண்ணிலிருந்து மறைக்க முயன்றது. பொத்தானை இழுத்துப் போடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. அது எழுதிய பக்கங்களில் ஒவ்வோர் உறுப்பின் அடையாளமும், தான் உள்ளடங்கிய எல்லாக் கொள்கலன்களின் பெயரையும் கோத்த நீண்ட சங்கிலியாக இருக்கும். பக்கத்தின் நிலையை நினைவில் வைப்பதற்கான மறைவுப் புலம் ஒன்றில் புரியாத எழுத்துகள் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். சில சமயம் உள்ளடக்கத்தைவிட அது நீளம். அடையாளப் பெயர்களை நிரலாளரே தீர்மானிக்கும் வசதி 2010இல் வந்த நான்காம் பதிப்பில்தான் கிடைத்தது. பெயரே வாசிப்பு. 'புத்தகப் பட்டியல்' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தால், உள்தள்ளல் கோணலாக இருந்தாலும் கண் வழி கண்டுபிடித்துவிடும்.

குறிச்சொல் தேர்வுக்கும் இதே நியாயம்தான். தலைப்பைத் தலைப்புக் குறியிலும், பட்டியலைப் பட்டியல் குறியிலும், பொத்தானைப் பொத்தான் குறியிலும் எழுதலாம். எல்லாவற்றையும் பொருளற்ற டிவ் குறிக்குள் போட்டு வண்ணம் பூசியும் விடலாம். பார்வையற்ற ஒருவர் என்விடிஏ போன்ற திரை வாசிப்பானில் ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார். டிவ்களால் ஆன பக்கத்தில் தாவுவதற்குத் தலைப்பே இருக்காது. மொழியை அறிவிக்கும் பண்பும் அப்படித்தான். ஆங்கிலத் தளத்திலிருந்து நகலெடுத்த டெம்ப்ளேட்டில் மொழி ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தால், தமிழ்க் கட்டுரையை ஆங்கிலக் குரலிடம் கொடுத்ததாகிறது. திரையில் இந்தப் பிழை துளியும் தெரியாது. தெரியாத பிழைகளால் தவிப்பவர்கள் எப்போதும் திரையைப் பார்க்க முடியாதவர்களாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நடைமுறையில் நான் விரும்புவது இவ்வளவே. ஒரு பக்கத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தான் திறந்ததைத் தானே மூட வேண்டும். ஒரு கோப்பில் திறந்ததை இன்னொரு கோப்பில் மூடும் பழக்கத்தை அறவே விட வேண்டும். தலைப்பகுதிக் கோப்பு திறக்க, அடிப்பகுதிக் கோப்பு மூட என்று இரண்டாகப் பிளந்த டெம்ப்ளேட்டுகள் எத்தனையோ தளங்களைச் சிக்கலாக்கியிருக்கின்றன. பெரிய பகுதிகளுக்கு நடுவே மட்டும் வரி முறிவு போதும். பத்திக்குள் தொடவே வேண்டாம். உள்தள்ளிப் பார்க்க வேண்டிய வேளையில், டேவ் ரெகெட் உருவாக்கிய டைடி போன்ற கருவியிடம் வெளியீட்டின் நகலைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாசகருக்குப் போகும் பிரதியில் அது கை வைக்கக் கூடாது. எச்டிஎம்எல் சரிதானா என்று சொல்லும் சோதனைக் கருவியை, நிரலின் மற்ற சோதனைகளோடு சேர்த்தே தினமும் ஓட்டலாம்.

வெளியீட்டுக்கு இன்னொரு வாசகரும் உண்டு. அவர் இன்னும் வரவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கிறது. அது சேமிப்பது சர்வரின் நிரலை அல்ல, தரவுத்தளத்தை அல்ல, வெளியே வந்த பக்கத்தை. நிறுவனம் மூடும், சர்வர் அணையும், தரவுத்தளம் அழியும். எச்டிஎம்எல் மட்டும் மிஞ்சும். 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் வலைப்பக்கச் சேவையை அமெரிக்காவில் மூடியபோது, தன்னார்வலர்களால் அள்ளிக்கொண்டு வர முடிந்தவை அந்தக் கோப்புகள்தாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை எச்டிஎம்எல்லிலும் தந்தது. தொடக்கத்தில் டிஸ்கி குறியாக்கத்தில் இருந்த நூல்கள் பிறகு யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருந்ததால் அந்த மாற்றம் இயந்திரத்தால் செய்யத்தக்க வேலையாக இருந்தது. இன்றைய தளங்கள் சிலவற்றில் சர்வர் அனுப்புவது வெறும் கூடு. உள்ளடக்கம் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வழியே வந்து நிரம்புகிறது. அத்தகைய பக்கத்தைக் காப்பகம் சேமித்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு திறப்பவருக்குக் கூடு மட்டுமே கிடைக்கக்கூடும். தலைப்பும் பத்தியும் பட்டியலும் சர்வரிலிருந்தே எழுத்தாக வந்த பக்கத்தை அவர் எந்தக் கருவியும் இல்லாமல் படித்துக்கொள்வார்.